வெறுங்கால்

“எழுத்துத் தேர்வுல எல்லாக் கேள்விக்கும் சரியாத்தானே பதில் எழுதினேன்? அப்புறம் ஏன் டீச்சர், படகு லைசென்ஸ் தர மாட்டேங்கிறீங்க?”

கேட்டவர் கோதண்டம். ஆயுசு முழுக்க அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று ஊரே சொல்லும்.

இப்போது கழிமுகத்தில் சுற்றுலாப் படகு ஓட்ட வேண்டும். வேலை தயாராக இருக்கிறது. லைசென்ஸ்தான் இல்லை. நாளை நடக்கும் தேர்விலும் கோட்டை விட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது மனுஷனைத் தின்றுகொண்டிருந்தது.

பயிற்சியும் தந்து தேர்வும் வைக்கும் ரெஜினாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அவள் படகுத்துறைக் கம்பத்தின் பக்கம் கையைக் காட்டினாள். போன தேர்வில் கோதண்டம் படகைக் கொண்டுபோய் மோதியதில் அது இன்னும் சாய்ந்தே நின்றது.

“அது... கொஞ்சம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்.”

“எதை வச்சு அண்ணே நிறுத்தப் பார்த்தீங்க?”

கோதண்டத்துக்கு முகம் செத்துவிட்டது. வலது கால் வெறும் பலகையை பிரேக் என்று நினைத்து ஓங்கி ஓங்கி மிதித்ததே, அதை இவள் பார்த்துவிட்டாளா!

“செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க” என்றாள்.

கழிமுகத்தின் நடுவில் போய் என்ஜினை அணைத்தாள்.

“இப்போ படகை நிறுத்துங்க அண்ணே.”

“நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?”

ரெஜினா கரைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

காற்று இல்லை. அலை இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. கோதண்டம் கரையைப் பார்த்தார்.

எதிரே நின்ற அலையாத்தி மரம் எங்கே?

பின்னால் இருந்தது. அடுத்த மரமும் பின்னால் போனது. அதற்கடுத்ததும்.

உள்ளங்காலுக்கு அடியில் மெல்ல ஒரு நடுக்கம். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அவருக்கு. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் அத்தனை தண்ணீரும் சத்தமே போடாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. படகையும் டீச்சரையும் அவரையும், அவர் சம்பாதித்த நல்ல பேரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது.

கால் தானாக ஒருமுறை மிதித்தது. தண்ணீர் கண்டுகொள்ளவே இல்லை.

“அம்மாடியோவ்! எப்போ இருந்து டீச்சர் இப்படிப் போகுது?”

“நாம பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்து.”

திரும்பி வரும்வரை கோதண்டம் தண்ணீரிலேயே கண்ணை வைத்திருந்தார்.

மறுநாள் தேர்வு. வெறுங்காலோடு வந்து ஏறினார். மிதவை அங்கியை இறுக்கிக் கட்டினார். ரெஜினா கட்டியிருப்பதையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“கிளம்புங்க அண்ணே.”

அவர் சாவியைத் தொடவில்லை. பலகையில் கிடந்த காய்ந்த இலை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டார். குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “பெருசுக்கு உதறல் எடுத்துடுச்சுடா!”

“என்னண்ணே, இன்னும் கிளம்பலையா?”

“பொறுங்க டீச்சர்” என்றார் கோதண்டம், இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நமக்கு முன்னாடியே ஒருத்தர் கிளம்பிட்டார். அவர் எந்தப் பக்கம் போறார்னு பார்த்துக்கறேன்.”

என்ஜின் இன்னும் உயிர் பெறவில்லை. அதற்குள் ரெஜினா தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.