நெட்டி உருண்டை சொன்ன சாட்சி

ஜமீன்தார் மனைவியின் முத்துமாலை காணாமல் போனது. திருடனைக் காட்டித் தருவதாக ஞானவெளிச் சாமியார் வந்து இறங்கினார். அரக்குக் கோலை மான்தோலில் தேய்த்து, பட்டு நூலில் தொங்கிய, தக்கைபோல் லேசான நெட்டி உருண்டையை அதனால் தொட்டார். கோலின் மின்னூட்டத்தில் பங்கு வாங்கிக்கொண்ட உருண்டை, வழக்கப்படி கோலை விட்டு விலகி நின்றது.

"புண்ணியவானைக் கண்டால் ஒதுங்கும். திருடன் விரலைத் தேடிப் போகும்!" என்றார்.

அரண்மனையில் பட்டுத்துணி மடிக்கும் சிலம்பாயி முதல் ஆளாக விரலை நீட்டினாள். உருண்டை தாவி வந்து ஒட்டியது. திருடி கிடைத்தபின் மற்றவர்களைச் சோதிப்பானேன் என்று சோதனை அத்தோடு முடிந்தது.

"எடு சவுக்கை!" என்றார் ஜமீன்தார்.

உதறிய பட்டு யார் கை என்று பாராமல் பிடித்துக்கொள்வதை இருபது வருடமாகப் பார்த்தவள் சிலம்பாயி.

"அடிங்க எசமான். அதுக்கு முன்னால சாமி மறுபடி கோலைத் தேய்ச்சு உருண்டையைத் தொட்டு, கோலைக் கீழே வெச்சுட்டு, தன் விரலை நீட்டட்டும். அந்தப் புண்ணியத்தைப் பார்த்துட்டு அடி வாங்கிக்கறேன்."

ஜமீன்தாருக்கும் ஆசை வந்துவிட்டது. சாமியார் தயங்கித் தயங்கி நீட்டினார். உருண்டை தாவி அவர் விரலில் ஒட்டியது. சவுக்கு அவர் பக்கம் திரும்பியது.

"ஐயையோ! தேய்ச்ச கோலால தொட்டா அது யார் விரலுக்கும் வருமுங்க!" என்று அலறினார் சாமியார்.

"இதை நான் சொன்னா யார் கேப்பாங்க, சாமி?" என்றாள் சிலம்பாயி.