நாலாவது பொன்னாடை

நுரையாற்றில் புள்ளியப்பன் என்று ஒரு ட்ரவுட் மீன் இருந்தான். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, விலாவில் ரோஸ் கலரில் ஒரு பட்டை. ஆள் பார்க்க லட்சணம்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்!

ஊட்டிக்கு அந்தப் பக்கம், சோலைக்காட்டுக்குள் ஓடுகிற ஆறு அது. மார்கழி பிறந்துவிட்டால் கரையில் இருக்கும் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பூச்சி பொட்டு ஒன்றும் கிடைக்காது. உச்சி வெயில் அடிக்கிற ஒரு மணி நேரம்தான் தண்ணீர் மேல் நாலு ஈ பறக்கும். அந்த நேரம் பார்த்துத் தொப்பிக்காரர் ஒருவர் தூண்டிலோடு வருவார்.

அவரிடம் மண்புழு எல்லாம் கிடையாது. காட்டுக்கோழி இறகைப் பட்டு நூலால் முள்ளில் சுற்றி, அசல் ஈ மாதிரியே செய்து வைத்திருப்பார். அதைச் சாட்டை போல வீசித் தண்ணீர் மேல் மிதக்க விடுவார்.

அந்தப் பொய் ஈயைக் கவ்வி மாட்டிக்கொண்டான் புள்ளியப்பன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்! மூன்று தரமும் தொப்பிக்காரர் அவனை வலையில் ஏந்தினார், டேப் வைத்து அளந்தார், போட்டோ எடுத்தார், மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

வேறு மீனாக இருந்தால், "தப்பிச்சேன்டா சாமி!" என்று பாறைக்கு அடியில் ஓடி ஒளிந்திருக்கும். இவன் என்ன செய்தான் தெரியுமா? ஊரைக் கூட்டினான்!

"எல்லாரும் கேட்டுக்கோங்க! எனக்கு மேலே பாராட்டு விழா நடந்துச்சு! வலை வலைன்னு சொல்றீங்களே, அது வலை இல்லை, பொன்னாடை! சட்டை தைக்க அளவு எடுத்தாங்க! போட்டோ பிடிச்சாங்க! மரியாதையா வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க!"

"அப்போ அந்த ஈ, அண்ணே?" என்று ஒரு குட்டி மீன் கேட்டது.

"அது ஈயா? அழைப்பிதழ்டா!"

ஆற்று நண்டு ஒருவன் இருந்தான். யார் மேடை போட்டாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற ரகம். "மூன்று பொன்னாடை கண்ட எங்கள் அண்ணன் வாழ்க! எல்லாரும் ஜோரா ஒரு தரம் கை தட்டுங்க!" என்று கொடுக்கை டக் டக் என்று தட்டினான். மீன்களுக்கு ஏது கை? வாலால் தட்டின. ஆறே கலங்கிப் போனது!

புள்ளியப்பனின் மனைவி செவ்வந்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் வயிறு நிறைய முட்டை. இரண்டு நாளில் ஆற்றில் இன்னும் மேலே இருக்கும் கூழாங்கல் படுகைக்குப் போய் முட்டையிட்டாக வேண்டும். போன வருஷம் வெள்ளம் வந்து முட்டை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. இந்தத் தடவையாவது ஒரு குஞ்சு கண்ணில் படாதா என்பதுதான் அவளுக்கு ஒரே கவலை.

"ஏங்க, உதட்டுல மூணு ஓட்டை இருக்கே. வலிக்கலையா?"

"ஓட்டையா? பதக்கம்டி! நீயும் ஒரு பொன்னாடை வாங்கிட்டு அப்புறம் முட்டையிடப் போ. பிள்ளைங்க நாளைக்கு, 'எங்க அம்மாவுக்கு என்ன மரியாதை!'ன்னு பெருமைப்பட வேணாமா?"

கரைப் பாறையில் ஒரு வாலாட்டிக் குருவி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஐப்பசியில் வந்து பங்குனியில் கிளம்பிவிடுகிற குருவி அது. வாலும் நிற்காது, வாயும் நிற்காது.

"அண்ணே, அண்ணே! அந்தத் தொப்பிக்காரர் என்ன சொன்னார்னு நான் கேட்டேன். 'முட்டையிடற காலம், பாவம், போகட்டும்'னு சொன்னார். அவருக்கு நல்ல மனசு, விட்டார். உங்க அழகுக்கு ஒண்ணும் விடலை!"

"பொறாமை!" என்றான் புள்ளியப்பன். "உனக்கு யாராவது பொன்னாடை போட்டிருக்காங்களா? போ, போய் வாலை ஆட்டு!"

மறுநாள் உச்சி வேளை. பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. குருவி அலறியடித்துக்கொண்டு பறந்து வந்தது.

"அண்ணே, இன்னிக்கு வந்திருக்கறது தொப்பிக்காரர் இல்லை! வேற ஆள்! அடுப்பு மூட்டி தோசைக்கல்லைப் போட்டிருக்கார்!"

"எனக்கு டிபன்!"

"வாழையிலை விரிச்சிருக்கார்!"

"இலை போட்டு விருந்துடி, செவ்வந்தி!"

"எலுமிச்சம்பழம் வச்சிருக்கார்!"

"பெரிய மனுஷங்களைப் பார்க்க வர்றவங்க கையில எலுமிச்சம்பழம் கொண்டுவர்றது வழக்கம்தானே?"

"தட்டுல மஞ்சளா, செவப்பா என்னமோ குழைச்சு வச்சிருக்கார், அண்ணே!"

"சந்தனம், குங்குமம்!" புள்ளியப்பன் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் துள்ளினான். "நண்டு! ஊரைக் கூப்பிடு! நாலாவது பொன்னாடை! செவ்வந்தி, நான் முன்னால போறேன். அடுத்த அழைப்பிதழ் உனக்குத்தான், விட்டுடாதே!"

குருவி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அதற்குள் இறகு ஈ மிதந்து வந்தது. லபக்!

தோசைக்கல்காரருக்கு அளவெடுக்கவும் பொறுமை இல்லை, போட்டோ எடுக்கவும் பொறுமை இல்லை. அவ்வளவு பசி! முள்ளைக் கழற்றினார். இறகு ஈயை மறுபடி ஆற்றில் வீசித் தூண்டிலைப் பாறை இடுக்கில் செருகினார். புள்ளியப்பனை வாழையிலையில் போட்டு ஒரு கையால் அமுக்கிக்கொண்டார்.

'அடடா, விருந்தாளியை இலைக்கு முன்னாலதானே உட்கார வைப்பாங்க? இவர் இலை மேலயே உட்கார வைக்கிறாரே! ரொம்பப் பெரிய மரியாதை போல!' என்று நினைத்தான் புள்ளியப்பன்.

எலுமிச்சம்பழத்தை அவர் அவன் வாய் மேலேயே பிழிந்தார்.

மூன்று பழைய ஓட்டை, இப்போது புதிதாக ஒன்று. நான்கிலும் சாறு இறங்கியது. அப்பப்பா! உச்சி முதல் வால் வரை தீப்பிடித்தது போல எரிந்தது. பக்கத்தில் தோசைக்கல்லில் எண்ணெய் சொய்ங் என்றது. சந்தனத் தட்டிலிருந்து பூண்டு வாசனையும் மிளகாய் நெடியும் குப்பென்று வந்தன. அப்போதுதான் அவனுக்குப் புத்தி வந்தது.

"ஐயோ, விருந்து எனக்கு இல்லை! விருந்தே நான்தான்!"

அடுத்த நொடியே அவனுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்த எரிச்சலைவிட இதுதான் நெஞ்சைச் சுட்டது. செவ்வந்தி! 'விட்டுடாதே'ன்னு சொல்லிட்டு வந்தேனே!

இருக்கிற பலத்தை எல்லாம் சேர்த்து வாலை ஓங்கி ஓர் அடி அடித்தான். மசாலாத் தட்டு பறந்து போய் அந்த ஆளின் முகத்தில் அப்பிக்கொண்டது!

"ஐயையோ, என் கண்ணு! என் கண்ணு!"

அவர் குதித்த குதியில் தோசைக்கல் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். புள்ளியப்பன் ஈரப்புல்லில் வழுக்கினான், உருண்டான், சறுக்கினான், தொபுக்கென்று ஆற்றில் விழுந்தான்.

அங்கே செவ்வந்தி இறகு ஈக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் பயம், ஆனாலும் வாயைத் திறந்துவிட்டாள். புருஷன் பேச்சாயிற்றே! பின்னால் குட்டி மீன்கள் வரிசை கட்டி நின்றன. "நெருக்காதீங்க, எல்லாருக்கும் உண்டு!" என்று நண்டு ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

"வாயை மூடுடி!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து வந்து அவளை இடித்துத் தள்ளினான் புள்ளியப்பன். இருவரும் புரண்டு பாறைக்கு அடியில் போய் விழுந்தார்கள். ஈ சும்மா மிதந்து போனது.

"ஏங்க! கட்டினவளை இப்படியா இடிப்பீங்க?" என்றாள் செவ்வந்தி. அப்புறம் அவனை மோந்து பார்த்தாள். "இதென்ன, உங்க மேல பூண்டு வாசனை?"

நண்டு ஓடிவந்தான். "நாலாவது பொன்னாடை கண்ட எங்கள் அண்ணன்..."

"நிறுத்துடா!" என்றான் புள்ளியப்பன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் மழுப்பிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. செவ்வந்தியின் வயிற்றைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"பொன்னாடையும் இல்லை, பதக்கமும் இல்லை. வலை வலைதான், முள் முள்ளுதான். சந்தனம்னு நினைச்சது மசாலா. மூணு தரம் ஒரு நல்ல மனுஷன் பாவம் பார்த்து விட்டார். அதை நான் என் பெருமைன்னு பீத்திக்கிட்டேன். என்னால இவளும் போயிருப்பா, நீங்களும் போயிருப்பீங்க. மன்னிச்சுடுங்க!"

நண்டு மட்டும் பழக்க தோஷத்தில் டக் டக் என்று தட்டிவிட்டு, எல்லாரும் முறைத்ததும் கொடுக்கை மடக்கிக்கொண்டான்.

மறுநாள் செவ்வந்தி கூழாங்கல் படுகையில் முட்டையிட்டாள். பங்குனி வருவதற்குள் குட்டிக் குட்டியாய் ஐநூறு குஞ்சுகள் ஆற்றில் துள்ளின. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் வாலாட்டி வந்து எட்டிப் பார்த்தது.

"என்ன அண்ணே, பிள்ளைங்களுக்குக் காது குத்தியாச்சா? உதடு குத்தியாச்சா?"

"போ, போய் வாலை ஆட்டு!" என்றான் புள்ளியப்பன். ஆனால் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஒருவர் நம்மேல் காட்டிய இரக்கத்தை நம் பெருமை என்று நினைத்து மறுபடியும் போய் வாயைத் திறப்பவர்கள், தாங்கள் கெடுவதோடு நம்பி வந்தவர்களையும் சேர்த்துக் கெடுப்பார்கள்.