அடுப்படி ஆணியில் லாந்தர்

ராத்திரி கழிமுகத்தில் ஏகாம்பரம் ஓட்டிவந்த மோட்டார் லாஞ்சு மோதி, வள்ளத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த காத்தான் செத்துப்போனான். ஊர்க்கூட்டத்தில் ஏகாம்பரம் மார்பை நிமிர்த்திக்கொண்டு பேசினார்.

“விளக்கில்லாம இருட்டுல நின்னா யார் கண்ணுக்குத் தெரியும்? தப்பு அவன்மேலதான். அந்தக் குடும்பம் இனி வள்ளமே இறக்கக்கூடாது.”

காத்தானின் தம்பி வேம்பன் கைகட்டி எழுந்தான்.

“முதலாளி சொல்றது நெசந்தானுங்க. எங்க அண்ணன் சோம்பேறி. வள்ளத்துல படுத்துத் தூங்கியிருப்பான்.”

“தூங்கினானா? லாஞ்சு போற வாய்க்கால் நடுவுல கழியை ஊனிக்கிட்டு மரம் மாதிரி நின்னான். ஹாரன் அடிச்சேன், நகரவே இல்லை.”

“தண்ணி வத்துற நேரத்துல ஊனின கழியைப் பிடுங்கினா இழுப்பு வள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோயிடுமுங்க. அதான் நகரலை. ஆனா முதலாளி, கண்ணுக்கே தெரியாத ஆளுக்கு எதுக்குங்க ஹாரன் அடிச்சீங்க?”

ஏகாம்பரம் ஊர்த்தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார். வள்ளம் இறக்கலாம் என்று தீர்ப்பானது.

வேம்பன் வீட்டுக்கு வந்தான். அண்ணி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தாள். அடுப்படி ஆணியில் அண்ணனின் லாந்தர் தொங்கியது. “லாஞ்சுலதான் விளக்கு இருக்கே, நமக்கு எதுக்கு?” என்று அன்றைக்கு அதை வைத்துவிட்டுப் போகச் சொன்னவன் வேம்பன்தான்.

அதை எடுத்து, எண்ணெய் ஊற்றி, வள்ளத்துக்குக் கொண்டுபோனான்.