யானையும் கழுதையும் ஆள் மாறிய கதை

அந்தக் காலத்தில், மிருகங்கள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் தெற்குச் சீமையில் ஆளுக்கொரு சோளமணி போட்டுத்தான் தங்களை ஆள்வது யார் என்று முடிவு செய்வார்கள். கொட்டகைக்குள் இரண்டு கூடைகள் இருக்கும். ஒன்று யானையுடையது, மற்றது கழுதையுடையது; அந்த நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளுக்கு இன்றும் இவைதான் சின்னம். எதில் மணி அதிகமோ அந்த மிருகத்துக்குத்தான் ஆட்சி.

பருத்தி எடுத்துப் பிழைத்த டெல்சிக்கு யானை என்றால் உயிர். அவளுடைய அம்மாவை அடிமையாகக் கட்டி வைத்திருந்த சங்கிலியை மிதித்து உடைத்தது யானைதான். அப்போது கழுதை என்ன செய்துகொண்டிருந்தது? பண்ணை முதலாளிகளை முதுகில் சுமந்துகொண்டு, சங்கிலி இருக்கட்டும் என்று கத்திக்கொண்டிருந்தது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

சங்கிலி போனதே தவிர, கொட்டகைக் கதவு டெல்சிக்குத் திறக்கவில்லை. அவள் மணியோடு வரும்போதெல்லாம் கழுதைமேல் உட்கார்ந்திருந்த முதலாளி க்ராலி கதவைச் சாத்தச் சொல்லிவிடுவார். அவள் யானையிடம் போய் நின்றாள்.

"யானையண்ணே, சங்கிலியவே உடைச்சீங்க. இந்தக் கதவு உங்களுக்கு எம்மாத்திரம்? ஒரு முட்டு முட்டுங்க. என் மணி உங்க கூடைக்குத்தானே வரப்போகுது."

"பாக்கலாம் தாயி. இப்பக் கொஞ்சம் வேலை இருக்கு" என்றது யானை.

அந்தப் 'பாக்கலாம்' டெல்சிக்குத் தலை நரைக்கும்வரை நீண்டது.

கடைசியில் கதவை உதைத்துத் திறந்தது கழுதைதான். வெட்கத்தினாலா, அவள் கையிலிருந்த மணிமேல் ஆசையினாலா என்று கேட்டால், இரண்டும் இருந்திருக்கும். க்ராலி அதன் முதுகிலிருந்து குதித்து இறங்கினார்.

"இத்தனை நாள் உனக்குப் புல்லு போட்டது இதுக்குத்தானா? இனி உன் முதுகுல ஏறினா நான் க்ராலி இல்ல."

மற்ற முதலாளிகளும் இறங்கி, போக்கிடமில்லாமல் வெயிலில் நின்றார்கள். டெல்சி திறந்த கதவருகே நின்றாள். யானை இரண்டு பக்கமும் பார்த்தது. முதலாளிகள் பக்கம்தான் கூட்டம் அதிகம்.

"உள்ள வாங்க யானையண்ணே" என்று கூப்பிட்டாள் டெல்சி. "உங்க கூடை எதுன்னு காட்டுங்க."

யானை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக முதலாளிகளிடம் போய், அவர்கள் ஏறிக்கொள்ள வாகாக முன்னங்காலை மடக்கிப் படுத்தது. அந்தப் பாழாய்ப்போன கால் அன்று மடங்காமல் இருந்திருக்கலாம்.

டெல்சி தனியாக உள்ளே போனாள். கழுதையின் கூடையில் மணியைப் போட்டுவிட்டு அழுதாள்.

"எம்மேல இன்னும் கோவமா?" என்று கேட்டது கழுதை.

"கோவம் எங்க போகும்? ஆனா கதவைத் திறந்தது நீதானே. வேற எங்க போடுவேன்?"

அன்று முதல்தான் அந்தச் சீமையில், யானையை நம்பியவர்களின் பிள்ளைகள் கழுதைக்கும், கழுதையை நம்பியவர்களின் பிள்ளைகள் யானைக்கும் மணி போடுகிறார்கள்; பெயரை மாற்றிக்கொள்ள மட்டும் இரண்டுக்கும் இன்றுவரை மனம் வரவில்லை.