காட்டுமாட்டின் வெள்ளைக் கால்

அந்தக் காலத்தில் மஞ்சம்பாறை மலைக்கு ரோடு கிடையாது, பஸ் கிடையாது. மிருகங்களுக்குப் பேச்சு இருந்தது, மனுசருக்கும் அதைக் கேட்கக் காது இருந்தது. காட்டுமாடு அப்போது கொம்படியிலிருந்து குளம்பு வரைக்கும் ஒரே கருப்பு. மழையில் நனைந்து நின்றதென்றால் எது பாறை, எது மாடு என்று தெரியாது.

ஊர் என்றால் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் புல்வீடுகள்தான். எல்லாருக்கும் ஒரே பிழைப்பு, சுமை தூக்குவது. உப்பும் துணியும் கீழேயிருந்து தலையில் ஏறும். தேனும் ஏலக்காயும் இங்கேயிருந்து தலையில் இறங்கும். ஏறி வந்தவன் காலை நீட்டுவதற்குள் மறுபடி இறங்க வேண்டிய நாள் வந்துவிடும். அதனால் அந்த ஊரில் 'சௌக்கியமா' என்று கேட்கிற பழக்கமே இல்லை. எதிரே வருகிறவரைப் பார்த்து, 'கொஞ்சம் உக்காந்தியா?' என்றுதான் கேட்பார்கள்.

ஊருக்கு மேலே ஒரு ஊற்று. மழை நாளில் பொங்கி, பள்ளத்தில் விழுந்து, கீழ்நாட்டுக்கு ஓடிவிடும். கோடையில் நாக்கை நனைக்கக்கூட இருக்காது. ஒரு பொல்லாத கோடையில் காட்டில் கன்றுகள் செத்து விழுந்தன. ஊரில் வேலாண்டிக்கும் அவன் பெண்டாட்டி நாச்சாயிக்கும் இருந்த ஒரே கைப்பிள்ளையும் போய்விட்டது. அழுது முடித்த நாச்சாயி ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"இந்தாய்யா, அடுத்த கோடைக்குள்ள அந்தத் தண்ணியைக் கட்டிப் போடணும். ஊர்ல இன்னும் பிள்ளைக இருக்கு."

ஊற்றுக்குக் குறுக்கே சுவர் எழுப்ப ஊரே சேர்ந்து கல் சுமந்தது. சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் கீழேயிருந்து ஏற்றியது. குழி வெட்டி, மணலும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் ஊற்றிக் காரையாக மிதிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மிதிக்க ஒருத்தருக்கும் கால் எழும்பவில்லை.

அப்போதுதான் காட்டுமாடு ஒன்று கன்றோடு வந்து குழியோரம் நின்றது. அந்தக் கோடையில் கூட்டத்துக்கு மிஞ்சிய கன்று அது ஒன்றுதான்.

"ஏப்பா வேலாண்டி, தண்ணி நின்னா எங்களுக்கும் ஒரு ஓரம் உண்டா?"

"உண்டு தாயி. ஆனா மொதல்ல சுவரு நிக்கணுமே. காரை மிதிக்க ஆளில்ல."

"என் காலு நாலும் சும்மாதான இருக்கு" என்று குழிக்குள் இறங்கியது.

மரத்திலிருந்த கருமந்தி பல்லைக் காட்டியது. "ஏ கருப்பி, மனுசன் ஓஞ்சு போட்ட வேலைக்கா நீ போற? உனக்கு மூளையும் கொம்பாப் போச்சு."

"உனக்கென்ன, இலையை நக்கியே காலந்தள்ளிருவ. என் கன்னுக்குத் தண்ணி வேணும்" என்றது காட்டுமாடு.

அது மிதிக்க மிதிக்கச் சுவர் ஏறியது. கடைசியில் நடுவிலே ஒரு ஆள் நுழைகிற இடைவெளிதான் மிச்சம். சுண்ணாம்பும் அதற்கு மட்டுந்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் சுமைக்கு இறங்கிவிட்டார்கள். பள்ளத்திலிருந்து மஞ்சு புகை மாதிரி ஏறத் தொடங்கியது. மழை வந்துவிட்டால் வெள்ளம் அந்த இடைவெளியில் புகுந்து சுவரையே பெயர்த்துவிடும்.

வேலாண்டி கடைசிக் காரையைக் கொட்டினான். "கடுக்காய்த் தண்ணி எடுத்தாரேன் தாயி. அதுவரைக்கும் காலை நிறுத்திராத, கட்டிதட்டிப் போகும். இந்தா, வந்துட்டேன்."

வீட்டில் நாச்சாயி கடுக்காய் இடித்த உலக்கையைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பானை. கொதி வரட்டும் என்று வேலாண்டி பக்கத்தில் உட்கார்ந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு உட்கார்ந்தான். அவ்வளவுதான். சுவரில் தலை சாய்ந்தது.

குழியில் காட்டுமாடு மிதித்துக்கொண்டேயிருந்தது. மஞ்சுக்குள் பகலும் தெரியவில்லை, ராவும் தெரியவில்லை. ஈரம் பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு சூடேறியது. கால் எரிந்தது.

"ஏறி வா கருப்பி, மனுசன் விடுற குறட்டையில கூரை ஆடுது" என்றது கருமந்தி.

"நீதான் போய் எழுப்பேன்."

"நானா? எனக்குக் குளிருது."

காட்டுமாடு இடைவெளியைப் பார்த்தது. மேலே மேகத்தைப் பார்த்தது. காலை நிறுத்தவில்லை. கன்று பால் தேடிக் குழிக்குள் இறங்கியது. "ஏறிப் போ, எரியும்" என்று மூக்கால் தள்ளிப் பார்த்தது. போகவில்லை. தாய் வயிற்றுக்கடியில் அதுவும் நின்றது.

வேலாண்டி கண் விழித்தபோது பானை வற்றிக் கரிந்திருந்தது. வெளியே மறுநாள் வெயில். எழுந்து குழிக்கு ஓடினான். காரை வெண்ணெய் மாதிரிக் குழைந்து கிடந்தது. அதன் நடுவே காட்டுமாடு இன்னமும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

"தாயி! ஏறிப் போயிருக்கலாமே!"

"நிறுத்தாதேன்னு சொல்லிட்டுப் போனியேப்பா."

கோபம் இல்லை அந்தக் குரலில். கோபப்படத் தெம்பில்லை. "மொதல்ல சுவரைப் பூசு, மழை வருது" என்றது.

புருசனும் பெண்டாட்டியும் பூசி முடித்தார்கள். சாயங்காலம் பேய்மழை. சுவர் அசையவில்லை, தண்ணி நின்றது. சுண்ணாம்பில் வெளுத்துப்போன கால்களுக்கு நாச்சாயி எண்ணெய் தடவினாள், புளித்தண்ணி விட்டுக் கழுவினாள். தாய்க்கும் கன்றுக்கும் முழங்காலுக்குக் கீழே கருப்பு திரும்பவேயில்லை.

வேலாண்டி குளம்படியில் விழுந்தான். "உனக்கு என்ன செய்யட்டும் தாயி?"

"ஒண்ணும் வேண்டாம். என்னைக்காச்சும் அலுத்துப்போயி உன் வாசல்ல வந்து நிப்பேன். அன்னைக்கு என்னை அவசரப்படுத்தாத. அது போதும்."

அன்று பட்ட வெள்ளைதான் இன்றைக்கும் காட்டுமாட்டுக்குக் காலுறை போட்டாற்போல இருக்கிறது. அடுத்தடுத்துப் பிறக்கிற கன்றுக்கும் அது தப்பவில்லை. மஞ்சு இறங்குகிற நேரம் எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்குக் காட்டுமாடு வந்து நிற்கும். டிரைவர் ஹாரன் அடிக்கமாட்டார், இஞ்சினை அணைத்துவிடுவார். கல்யாண ஊர்வலம் வந்தாலும் மேளத்தை இறக்கி வைத்துவிடுவார்கள். 'விரட்டுங்கப்பா' என்று கத்துகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். கடைசி பஸ்ஸே போனாலும் போகட்டும். வேலாண்டி தூங்கி எழுந்த அந்த நாளிலிருந்துதான், அது தானாகக் காலை எடுத்து வைக்கும் வரைக்கும் நாங்கள் நிற்கிறோம்.