ஷூவுக்கு வைத்த பொட்டு

"ஓடறது நானுங்களா மேடம், இல்ல இந்த ஷூங்களா?"

மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, கழற்றிய ஷூவை மடியில் வைத்துக்கொண்டு பூபாலன் கேட்டார். வயது நாற்பத்தாறு. பஸ் டிப்போவில் மெக்கானிக்.

கேட்டது லோகநாயகியை. அந்த மைதானத்தின் ஓட்டப் பயிற்சியாளர். அவருக்கு இன்னும் முப்பது முடியவில்லை. ஆனாலும் பூபாலனுக்கு அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் வேதவாக்கு.

நாற்பது வயதில் சர்க்கரை வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்க வந்தவர் ஓட ஆரம்பித்துவிட்டார். இருபத்தொரு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. ஆறு வருஷமாக அது அவருக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாலு நிமிஷம். அடுத்த வருஷம் இரண்டரை நிமிஷம். அதற்குக் கீழே இறங்குவேனா என்றது.

லோகநாயகிதான் இந்த ஷூவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். தினசரி ஓட்டத்துக்குப் பழைய ஜோடி, வேக ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் இது என்று பிரித்தும் சொன்னார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை மெத்தை. மெத்தைக்கு நடுவே ஒரு கார்பன் தகடு. காலை வைத்தால் அமுங்கும், எடுத்தால் முன்னே தள்ளிவிடும்.

போன ஞாயிறு ஒத்திகை ஓட்டம். ஒரு மணி ஐம்பத்தேழு நிமிஷம்.

மனிதர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

காரணம் டிப்போ. பூபாலன் காலில் கமான் பட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறார் என்று ஒருவர் ஆரம்பித்துவைக்க, டீ வேளைக்குள் அது பணிமனை முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. பஸ்ஸுக்கு அடியில் படுத்து, குலுக்கலைத் தாங்கும் அந்த வில் பட்டையை நாள்தோறும் மாற்றுகிறவருக்கு அது சுருக்கென்று தைத்தது. சிரித்து மழுப்பினார். உள்ளே ஆறவில்லை.

"ஆறு வருசமாக் கேட்டது கெடச்சிருச்சுங்க. ஆனா என்னுதுன்னு சொல்ல வாய் வரலீங்க. வர்ற ஞாயித்துக்கெழம பந்தயத்துக்குப் பழசையே போட்டுக்கறேன். அதுல ஆகலைன்னா ஓட்டத்தையே விட்டர்றேனுங்க."

லோகநாயகி ஷூவை வாங்கி இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். வளையவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு ஆயுத பூஜைங்கண்ணா. உங்களை எது ஓட வைக்குதோ அதைக் கொண்டாந்துருங்க. பொட்டு வெச்சுரலாம்."

மறுநாள் காலை. மைதானத்துச் சாமான் அறையைக் கழுவி விட்டிருந்தார்கள். சுவரோடு சாய்ந்து நின்ற ஈட்டிகளுக்குக் கழுத்தில் சந்தனம். குண்டுகள் வரிசையாக நெற்றிப்பொட்டோடு உட்கார்ந்திருந்தன. விசிலுக்குக்கூட ஒரு துளி குங்குமம். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் தயார்.

பூபாலன் வந்தார். மேலே சலவைச் சட்டை, கீழே ஓட்ட நிக்கர். பூஜை முடிந்ததும் நாலு சுற்று ஓடிவிட்டுப் போகலாம் என்ற கணக்கு. கை மட்டும் வெறுங்கை.

"ஷூ எங்கீங்கண்ணா?"

"வாசல்லயே விட்டுட்டேனுங்க. என்ன இருந்தாலும் கால்ல போடறதுங்களே."

லோகநாயகி வெளியே போனார். இரண்டு ஜோடியையும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஈட்டிகளுக்கு முன்னால் இடம் ஒதுக்கி வைத்தார். பழைய ஜோடியின் நுனியில் சந்தனம், குங்குமம். தகடு வைத்த ஜோடிக்கும் அதே அளவு.

பூபாலனுக்குச் சங்கடமாக இருந்தது. செருப்பு வகையறாவுக்கு இத்தனை மரியாதையா என்று நெளிந்தார். ஆனால் மழை, வெயில் பார்க்காமல் அந்தப் பழைய ஜோடி தன்னோடு வந்ததெல்லாம் நினைவுக்கு வர, அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

லோகநாயகி சந்தனக் கிண்ணத்தோடு அவர் எதிரே வந்து குனிந்தார்.

பூபாலன் பதறிப் பின்வாங்கினார்.

"ஐயோ மேடம். எங்கால்ல போயி..."

"அசையாம நில்லுங்கண்ணா."

வலது முழங்காலில் ஒரு பொட்டு. இடது முழங்காலில் ஒரு பொட்டு. சந்தனம் சில்லென்றிருந்தது. நாற்பத்தாறு வருஷத்தில் அந்த முழங்கால்களை யாரும் அப்படித் தொட்டதில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு மண்டியிட்டவை, மாடி ஏறியவை, ஓடியவை, ஒரு நாளும் லீவு கேட்காதவை. பூபாலனின் கண் கலங்கிவிட்டது.

லோகநாயகி கற்பூரம் காட்டினார். பூபாலன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தகடு வைத்த ஷூவையே போட்டுக்கொள்வதாகவும், டிப்போவில் கேட்டால் ஆமாம், அதுவும்தான் ஓடியது என்று சொல்லிவிடப் போவதாகவும் மெல்லச் சொன்னார். பூஜையில் வைத்ததை இன்றைக்கு எடுக்கக் கூடாது, அதனால் ஷூவுக்கும் முழங்காலுக்கும் லீவு, வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றார் லோகநாயகி.

பூபாலன் பொரியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். கதவருகே போனவர் நின்றார். இத்தனை வருஷத்தில் இந்த அம்மாள் ஒரு சுற்று ஓடிக்கூடத் தான் பார்த்ததில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கேட்டுவிட்டார்.

லோகநாயகி கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இருபத்திரண்டு வயசுல முட்டி போயிருச்சுங்கண்ணா. ஆபரேசன். அதுவரைக்கும் எத்தனையோ பந்தயம் அதுதான் ஓடுச்சு. மெடலெல்லாம் நான் கழுத்துல வாங்கிக்கிட்டேன். அதுக்கு ஒரு வருசம்கூடப் பொட்டு வெச்சதில்ல."

அறையில் கற்பூர வாசனை இருந்தது. பூபாலன் திரும்பி வந்தார். லோகநாயகி கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, ஒட்டியிருந்த சந்தனத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். பணிவாக இரண்டு கையாலும் அவரிடமே நீட்டினார்.

"இன்னும் உங்களை நடத்திக் கூட்டிட்டு வருதுங்களே மேடம்."

லோகநாயகி கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, டிராக் பேண்டை முட்டிக்கு மேலே சுருட்டினார்.