கீழே இறங்கிக் கேட்ட கேள்வி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஏரிகள் நிறைந்த குறுங்காவு நாட்டைக் கொற்றவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் எதிரே நிற்பவர் அழுகிறாரா என்று பார்க்கமாட்டார். பாசம் வந்துவிட்டால் சட்டமே வளைந்துகொடுக்கும்.

அவருடைய பாசமெல்லாம் ராணியின் தம்பி வீரகேசவன் மேலே. பெரிய ஏரிக்கு அவன்தான் அதிகாரி. அவன் சொன்னால் மதகு திறக்கும், அவன் முறைத்தால் மூடும். பதவிக்கு அடையாளமாக ராஜா கொடுத்த வெள்ளிப்பூண் போட்ட கோல் எப்போதும் அவன் கையில் இருக்கும். அவனுக்கு மந்திரி சாத்தையனைக் கண்டாலே ஆகாது. சபையில் ராஜா மந்திரியைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்கு இவனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் மாடத்தி என்று ஒரு குடியானவப் பெண், கக்கத்தில் சின்ன மூட்டையோடு சபைக்கு வந்தாள். காய்கிற பயிருக்குத் தண்ணீர் கேட்கப் போன தன் புருஷனை வீரகேசவன் அந்தக் கோலாலேயே அடித்துக் கொன்றுவிட்டான், ஊரே பார்த்தது என்று பிராது சொன்னாள். ராஜாவுக்கு அவளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

விசாரணை முடிகிறவரை வீரகேசவன் கோலை வைத்துவிட்டு, மேடையில் இருக்கும் ஆசனத்தை விட்டு இறங்கிக் கீழே நிற்கட்டும் என்றார் சாத்தையன்.

வீரகேசவன் அசையவில்லை. "குத்தம் ருசுவானா கோலென்ன அத்தான், தலையையே வச்சிடறேன். எவளோ வந்து சொன்னான்னு இறங்கினா, நாளைக்கு இந்தச் சபையில யாரு உட்கார முடியும்? மந்திரிக்கு என்மேல இருக்கிற எரிச்சல் ஊரறிஞ்சதுதானே."

ராஜாவுக்கு அது நியாயமாகவே பட்டது. கோல் இருக்கட்டும் என்றார். கூடவே மாடத்திக்கு ஒன்றை நினைவுபடுத்தினார்: அதிகாரிமேல் சாட்சியில்லாமல் பிராது சொன்னால் நாடுகடத்தல். அது பழைய சட்டம்.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவர் கண்ணும் முதலில் அந்தக் கோலுக்குப் போனது. ஒருவன் அன்றைக்கு மாமனார் ஊருக்குப் போயிருந்தானாம். அடுத்தவனும் மாமனார் ஊருக்குத்தான். அதற்கடுத்தவனும் அதையே சொன்னபோது ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஊர் முழுக்க ஒரே மாமனாரா? விருந்து பலமோ?" என்றார். சபையே சிரித்தது. மாடத்தி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொழுது சாய்வதற்குள் அவள் எல்லையைத் தாண்டிவிடவேண்டும் என்று தீர்ப்பாகப்போகிற நேரம். சாத்தையன் எழுந்தார். தன்மேலும் ஒரு பிராது வாசலில் காத்திருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம் என்றார். அவருடைய குதிரை, காயப்போட்டிருந்த பானைகளை மிதித்துவிட்டது என்று குயவன் சுடலை வந்திருந்தான்.

"நானும் ருசுவாகிறவரை இறங்கறதா இல்ல மகாராஜா. உட்கார்ந்த இடத்திலேயே விசாரிச்சுக்கறேன்" என்றார். வேடிக்கை என்றால் ராஜா விடுவாரா? நடக்கட்டும் என்றார்.

சாத்தையன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, மேலே இருந்தபடியே கேட்டார். "ஏன்ப்பா சுடலை, உன் பானையை உடைச்சது என் குதிரையா?"

சுடலையின் கண் அந்தத் தலைப்பாகைக்குப் போனது. "இல்ல சாமி. காத்துல உடைஞ்சிருக்கும்."

"காத்து குளம்போட வந்துச்சோ?" என்றார் ராஜா. மறுபடி ஒரே சிரிப்பு.

சாத்தையன் சிரிக்கவில்லை. தலைப்பாகையையும் முத்திரை மோதிரத்தையும் கழற்றி ஆசனத்தில் வைத்தார். படியிறங்கி வந்து, சுடலைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் நின்று, அதே கேள்வியைக் கேட்டார்.

சுடலை அவர் வெறுந்தலையைப் பார்த்தான். "உங்க குதிரைதான் சாமி. நீங்களும் மேலதான் இருந்தீங்க. திரும்பிப் பார்க்காமப் போயிட்டீங்க."

சாத்தையன் தலைகுனிந்தார். ஈடு செய்வதாகச் சொன்னார். பிறகு ராஜாவைப் பார்த்தார். "அதே ஆள், அதே கண்ணு. நான் நின்ன இடந்தான் மாறிச்சு மகாராஜா. கீழே இறங்கினதால நான் குத்தவாளி ஆயிடல. அவன் வாய் திறக்க வழிவிட்டேன், அவ்வளவுதான்."

ராஜா சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மைத்துனனைப் பார்த்து, "இறங்கு" என்றார். வீரகேசவன் அத்தான் என்று இழுத்தான். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோல் தரைக்கு வந்தது.

முதல் சாட்சி மறுபடி வந்தான். "நான் எந்த ஊருக்கும் போகல மகாராஜா. எனக்கு மாமனாரே இல்ல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள், அடி விழுந்தது, ஆள் விழுந்தது, எல்லாவற்றையும். வீரகேசவனைக் காவலர்கள் கொண்டுபோனார்கள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார். பானை உடைத்தவனுக்கு மாலை எதற்கு என்று சாத்தையன் ஒதுங்கிக்கொண்டார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ராஜா மாடத்தியைப் பார்த்தார். "உன்னை நான் எங்கேம்மா பார்த்தேன்?"

"எங்கேயும் இல்ல மகாராஜா."

ராஜாவுக்குச் சுரீர் என்றது. காத்துல உடைஞ்சிருக்கும் என்று சுடலை சொன்ன அதே குரல். அவர் மெதுவாகக் கிரீடத்தை எடுத்துச் சிம்மாசனத்தில் வைத்தார். படியிறங்கினார். தரை இத்தனை குளிர்ச்சியாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அவள் எதிரே நின்று மறுபடி கேட்டார்.

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஏரிக்கரையில உங்க தேரை மறிச்சு விழுந்தேன். உங்க மைத்துனர் எம்புருஷனை அடிச்சுக் கொன்னுட்டாருன்னு சொன்னேன். என் மைத்துனன் அப்படிப்பட்டவன் இல்லன்னு சொல்லிச் சிரிச்சீங்க. இதை என்மேல போட்டுட்டுப் போனீங்க."

மூட்டையை அவிழ்த்தாள். மடிப்புக் கலையாத சிவப்புப் பட்டுச்சேலை. தாலியறுத்த மறுநாள் அவளுக்கு ராஜா கொடுத்த சேலை.

அவள் அதைக் கொண்டுபோய்ச் சிம்மாசனத்தில், கிரீடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரிடமும் உத்தரவு கேட்காமல் வெளியே நடந்தாள்.

அன்று முதல் அந்த நாட்டில் பிராதுக்கு ஆளானவர் யாராயிருந்தாலும் கோலை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று ஆனது. அந்தச் சேலையை எடுத்துப் பெட்டியில் வைக்கட்டுமா என்று சேவகர்கள் கேட்டார்களாம். ராஜா விடவில்லை, அது சிம்மாசனத்திலேயே கிடக்கட்டும் என்றார். கடைசிவரைக்கும், தினமும் காலையில் சபை பார்த்துக்கொண்டிருக்க, அதைத் தன் கையாலேயே எடுத்து ஓரம் வைத்துவிட்டுத்தான் அவரால் உட்கார முடிந்தது.